தொட்டி ஈயும் சுந்தரராஜும்

வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சுந்தரராஜ் விழுந்தார் என்று பண்ணைக்காடு ஜீப் ஸ்டாண்டில் இன்றைக்கும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆட்களும் வாழைத்தாருமாக நிறைந்த ஜீப் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது அவருடைய வலது பக்கம் முழுவதும் மரத்துப்போனது. வலது கால் ஆக்ஸிலரேட்டரின் மேலேயே கனமாகக் கிடந்தது. அதை இடது காலால் எத்தித் தள்ளிவிட்டு, அதே காலால் பிரேக்கை மிதித்து, ஒரே கையால் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை மலைப்பக்கத்து மண் சரிவில் முட்டி நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள், "ஏண்ணே நிப்பாட்டிட்டீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்படியே சரிந்தார். வண்டியில் இருந்த ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபோது பேச்சு திரும்பியிருந்தது. வலது காலை இழுத்து இழுத்து அறைக்குள் நடக்க முடிந்தது. வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிசைந்துகொண்டே இருக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

அவரும் மனைவி அமிர்தவல்லியும் குடியிருந்தது அட்டுவம்பட்டியில் ஒரு மாடி வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, வெளிப்பக்கமாக இறங்கும் செங்குத்தான படிக்கட்டு. கீழ்வீட்டில் வீட்டுக்காரர் கிபாயத்துல்லா குடும்பம். அவருக்கு பஜாரில் உர மருந்துக் கடை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் சேர்ந்து சுந்தரராஜை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப்போனார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவர் கீழே இறங்கவே இல்லை. இறங்கினால் மறுபடியும் தூக்குவார்களே என்ற ரோஷம்தான் காரணம்.

முப்பது வருஷத்துக்கு மேல் ரோட்டிலேயே இருந்த ஆள். இப்போது ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளின் கியர் சத்தத்தைக் கேட்டு, "யாருலே அவன், செகண்டுல ஏத்த வேண்டியதை தேர்டுல ஏத்துறான்" என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டிருந்தார்.

அமிர்தவல்லி சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு காட்டேஜில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தாள். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். பெயருக்குத் திரும்பி வந்த குடும்பம் என்று சொல்வார்களே தவிர, அவர்கள் யாரும் அதற்கு முன்னால் இந்த மலையைப் பார்த்ததே இல்லை. டீயை இன்னும் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். வேலை பார்த்த காட்டேஜைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, வரவேற்பறையில் இருந்த பூந்தொட்டிகளையெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் தூக்கிப் போட்டார்கள். அவள் கேட்டு வாங்கி, தினம் ஒன்றாக மடியில் வைத்து மினி பஸ்ஸில் கொண்டுவந்தாள். பிகோனியா, ஜெரேனியம், மணி பிளான்ட், ஒரு பெரிய பெரணிச் செடி, இன்னும் பெயர் தெரியாத சில. எல்லாவற்றையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள்.

"ரோடு தெரியலே. எடு இதை" என்றார் சுந்தரராஜ்.

"ரோடு எங்கேயும் போயிராது. கொஞ்ச நாளைக்கு இதைப் பாருங்க."

"நான் என்ன தோட்டக்காரனா?"

"நீங்க ஒண்ணுமே இல்லாம கெடக்கீங்க. அதுக்குத்தான் கொண்டாந்தேன்."

அவள் வேலைக்குப் போனபிறகு ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடிக்க வைத்திருந்த செம்பை இடது கையால் எடுத்து, ரோட்டை மறைத்துக்கொண்டிருந்த பிகோனியாவுக்கு ஊற்றினார். பழக்கமில்லாத கை, பாதி கட்டிலில் கொட்டியது. மறுநாள் கொஞ்சம் குறைவாகக் கொட்டியது. அப்புறம் சிந்தாமல் ஊற்றப் பழகிக்கொண்டார். ஊற்றுவதற்கென்று ஒரு சோலி கிடைத்துவிட்டதும், பஸ் போனால் ஒரு செம்பு, மழை விட்டால் ஒரு செம்பு என்று ஊற்றிக்கொண்டே இருந்தார்.

ஐப்பசி மழை பிடித்தது. பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அந்த ஈரத்தில்தான் ஈக்கள் வந்தன. ஈ என்றும் சொல்ல முடியாது, கொசு என்றும் சொல்ல முடியாது. கறுப்பாக, எள்ளில் பாதி இருக்கும். கடிப்பதில்லை. ஆனால் மூக்கில் ஏறும், கண்ணில் விழும், சோற்றில் விழும். பேசலாம் என்று வாயைத் திறந்தால் வாய்க்குள் போகும்.

ஒரு நாள் காலையில் சுந்தரராஜ் தன் வலது கையைப் பார்த்தார். மடியில் கிடந்த அந்தக் கையின் மேல் ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை போனது, திரும்பி வந்தது, மோதிர விரலில் நின்று இறக்கையைத் தேய்த்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணை மூடினால் அங்கே ஈயும் இல்லை, கையும் இல்லை. திறந்தால் இரண்டும் இருந்தன. அடிக்க இடது கையை ஓங்கினார். அது பறந்துபோய் அவர் வலது கன்னத்தில் உட்கார்ந்தது. அதுவும் தெரியவில்லை, ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியபோதும் நாலு பேர் தூக்கியபோதும் வராத அழுகை அப்போது வந்தது. அது அடங்கியதும் கோபம் வந்தது.

அந்த வாரமே கீழ்வீட்டு உம்மு ஹபீபா, கிபாயத்துல்லாவின் மனைவி, பாதிப் படி ஏறிவந்து நின்று குரல் கொடுத்தாள்.

"அக்கா, உங்க வீட்டு ஈ எங்க அடுப்படிக்கு வந்துருச்சு. பாலைத் தெறந்து வைக்க முடியலே. செடியை எல்லாம் வெளியே வைங்க."

"வெளியே வச்சா இந்தக் குளிர்லே கருகிப்போகும் தங்கச்சி" என்றாள் அமிர்தவல்லி.

"அப்ப ஒரு வழி பண்ணுங்க. நான் எத்தனை நாள் பொறுத்துக்கிறது?"

தீபாவளிக்கு மகன் குமார் திருப்பூரிலிருந்து வந்தான். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போய்விட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆசை என்பதைவிட பயம் என்று சொல்லலாம். இன்னொரு முறை வாதம் அடித்தால் மலையிலிருந்து இறக்குவதற்குள் என்ன ஆகுமோ என்று அவனுக்குத் தூக்கமில்லை. அம்மா கொடுத்த டம்ளரை வாயில் வைத்தவன் அப்படியே கீழே வைத்தான்.

"என்னம்மா இது, உள்ளே ஈயா மெதக்குது."

"தேத்தண்ணிலே விழுந்துருச்சாய்யா? கொடு, வேற போட்டுத் தாரேன்."

"வேற போட்டா வேற விழும். வீடு பூரா பறக்குதே, தெரியலையா உங்களுக்கு?"

கடைக்குப் போய் கொசு மருந்து ஸ்பிரே வாங்கிவந்து அறை முழுக்க அடித்தான். சுந்தரராஜ் படிக்கட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். ஈக்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. அம்மா கூட்டி அள்ளினாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் பழையபடி பறந்தன.

"அப்பா, இங்கே இருந்தது போதும். திருப்பூருக்கு வந்துருங்க. லிப்ட் இருக்கு, பக்கத்துலேயே ஆஸ்பத்திரி இருக்கு. இந்தக் குளிரும் ஈரமும் பூச்சியும் எதுக்கு?"

"வரலே."

"ஏன் வரலே?"

"வரலேன்னா வரலே."

குமாருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். சுந்தரராஜால் எழுந்து அவனைத் தடுக்க முடியாது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது வாசலை ஒட்டித்தான். இடது கையால் தன் வலது காலைத் தூக்கி, நிலைப்படிக்குக் குறுக்கே நீட்டிப் போட்டார்.

"தாண்டிப் போலே பாப்போம்."

பெற்ற தகப்பன் காலை எந்த மகன் தாண்டுவான்? குமார் தொட்டியோடு நின்றான்.

"ஈ போனா உனக்குப் போதும்ல? ஈயை நான் பாத்துக்கிறேன். செடி மேல கை வைக்காதே."

"எப்படிப்பா பாப்பீங்க? ஒத்தக் கையை வச்சுக்கிட்டு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஒத்தக் கையை வச்சுத்தான்லே ஜீப்பை நிப்பாட்டினேன்."

அடுப்பில் இருந்ததை அமிர்தவல்லி இறக்கி வைத்தாள். குமார் தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தான்.

"பொங்கலுக்கு வருவேன். அப்பவும் இப்படியே கெடந்தா என்கூட வந்துரணும். சரியா?"

"கெடந்தா வர்றேன்" என்றார் சுந்தரராஜ்.

மகன் பஸ் ஏறியதும் அவர் கிபாயத்துல்லாவைக் கூப்பிட்டனுப்பினார். வீட்டுக்காரர் பசை தடவிய மஞ்சள் அட்டை ஒரு கட்டோடு வந்தார்.

"இது பிளாஸ்டிக் கூடாரம் போட்டு கார்னேஷன் பூ வளக்குற பாலிஹவுஸ்காரங்க வாங்குறது, சுந்தரண்ணே. மஞ்சளைக் கண்டா வந்து ஒட்டிக்கிரும். ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். இதுலே மாட்டுறது பறக்குற ஈ மட்டும்தான். முட்டையும் புழுவும் மண்ணுக்குள்ளே கெடக்கு. அதுக்கு என் கடையிலே மருந்து இருக்கு, ஆனா நீங்க படுத்துத் தூங்குற ரூமுக்குள்ளே அதை அடிக்க நான் தர மாட்டேன்."

"மருந்து வேணாம் பாய். மண்ணுக்குள்ளே இருக்கிறவனை எப்படி வெளியே வரவைக்கிறது, அதைச் சொல்லுங்க."

கிபாயத்துல்லா தாடியைத் தடவினார். "ஒரு பூப்பண்ணைக்காரர் உருளைக்கிழங்கை நறுக்கி மண்ணு மேல வைப்பாரு. புழு அதுலே வந்து ஏறும்னு சொன்னாரு. நான் செஞ்சு பாத்ததில்லே."

அடுப்படியிலிருந்து அமிர்தவல்லி வெளியே வந்தாள். "எல்லாம் சரி, முதல்ல தண்ணியை நிறுத்தணும். நாத்துப்பையிலே ஈரம் நின்னாலே இந்தச் சனியன் வந்துரும், தோட்டத்துலே பாத்திருக்கேன். நான் வேலைக்குப் போனப்புறம் செம்பு செம்பா ஊத்துறது யாரு?"

சுந்தரராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஈக்களை வளர்த்தது தான்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்த ஒரே சோலியையும் விட வேண்டும். பீடியை விட்டபோதுகூட அவருக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. கை தானாகச் செம்புக்குப் போகும். போனதும் "ச்சீ" என்று இழுத்துக்கொள்வார். மேல்மண் காய்ந்து நிறம் வெளுக்கிறவரை ஒரு சொட்டு கிடையாது. வெளுத்த பிறகும் மேலே ஊற்றுவதில்லை. தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்தால் அடி ஓட்டை வழியாக வேண்டியதைக் குடித்துக்கொள்ளும், மேல்மண் நனையாது.

உருளைக்கிழங்கு நறுக்குவதுதான் பெரிய பாடு. ஒரு கையால் நறுக்கினால் கிழங்கு உருண்டு ஓடியது. அப்போது அவர் தன் வலது கையைத் தூக்கிக் கிழங்கின் மேல் வைத்தார். அந்தக் கை பிடிக்காது, ஆனால் கனமாக அழுத்தும். கிழங்கு நகரவில்லை. "செத்த கையும் ஒரு பாரத்துக்கு ஆகுதுல்ல" என்று சொல்லிக்கொண்டே நறுக்கி, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு வில்லை வைத்தார். மறுநாள் வெள்ளனே எழுந்து வில்லையைப் புரட்டிப் பார்த்தார். அடியில் நூல்போல வெள்ளைப் புழுக்கள், தலை மட்டும் கறுப்பாக, நெளிந்துகொண்டிருந்தன.

"ஏ அமுர்தம், இங்கே வா. எதிரியைப் பாத்துட்டேன்!"

அவர் இப்படிச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவள் ஓடிவந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். வில்லைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். அன்றிலிருந்து தினமும் இதுதான் முதல் வேலை. மஞ்சள் அட்டைகள் கறுத்தன. எங்கேயோ வீடு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கிய மணலை அவள் சலித்துக் கொடுத்தாள், அவர் தொட்டிகளின் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினார். மணலில் ஈ முட்டை வைக்காது.

எல்லாம் நன்றாகவே போனது என்று சொல்ல முடியாது. தண்ணீரை நிறுத்தியதில் இரண்டு செடிகள் சுருண்டு செத்தன. அந்த இரண்டு தொட்டிகளையும் அவர் அப்புறப்படுத்தவிடவில்லை, கண்ணெதிரிலேயே வைத்திருந்தார். பெரணிச் செடிதான் பெரிய தலைவலி. ஈரம் இல்லாவிட்டால் அது பிழைக்காது. ஈரம் இருந்தால் ஈ விடாது. மிச்சத் தொட்டிகளில் ஈ குறைந்த பிறகும் அதிலிருந்து புறப்பட்டுக்கொண்டே இருந்தது.

"இதை மட்டும் போட்டுருவோங்க" என்றாள் அமிர்தவல்லி.

"ஒண்ணைப் போட்டா எல்லாத்தையும் போட்ட மாதிரிதான். மண்ணை மாத்திப் பாக்கலாம்."

மண்ணை மாற்ற வேண்டுமென்றால் கீழே முற்றத்துக் குழாயடியில் வேரை அலச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனால் வாரக்கணக்காக முகம் காட்டாத வெயில் நடுவில் ஒரு நாள் பளிச்சென்று அடித்தது. அவள் வேலைக்குப் போயிருந்தாள். சுந்தரராஜ் வெயிலைப் பார்த்தார், பெரணியைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். இந்த மலை வெயிலை நம்பி ஞாயிறுவரை காத்திருக்க முடியாது.

தொட்டியை மடியில் வைத்து, வலது கையை அதன் மேல் பாரமாகப் போட்டுக்கொண்டு, மேல்படியில் உட்கார்ந்தார். இடது கையால் கம்பியைப் பிடித்து, இடது காலை அடுத்த படியில் ஊன்றி, குண்டியால் ஒரு படி இறங்கினார். பிறகு வலது காலை எடுத்து வைத்தார். பிறகு அடுத்த படி. வேட்டி நனைந்தது, முழங்கை சிராய்த்தது. பாதியில் மூச்சு வாங்கி நின்றபோது தெருவில் போன ஒருவர், "அண்ணே, பிடிக்கவா?" என்று கேட்டார். "நீங்க உங்க சோலியைப் பாருங்க" என்று பதில் வந்தது.

குழாயடியில் உட்கார்ந்து செடியைக் கவிழ்த்தார். பழுத்த ஓலைகளையெல்லாம் அடியோடு கிள்ளிப் போட்டார். வேரில் ஒட்டியிருந்த அழுகல் மண்ணைத் தண்ணீர் விட்டு அலசினார். பழைய மண்ணை ஒரு சாக்கில் பரப்பி வெயிலில் காயவிட்டார். உம்மு ஹபீபா கதவைத் திறந்தவள் அவரைக் கண்டு திகைத்துப்போனாள். உள்ளே போய் ஒரு கூடை காய்ந்த செம்மண்ணைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"தோட்டத்துலே போடுறதுக்கு வச்சிருந்தேன் அண்ணே. நல்லாக் காஞ்சது. எடுத்துக்கோங்க."

அந்தச் செம்மண்ணில் அவர் பெரணியை மறுபடி நட்டு முடித்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு வந்த கிபாயத்துல்லா பதறினார். "சுந்தரண்ணே! விழுந்துருந்தா என்ன ஆகுறது? இருங்க, நாலு பேரைக் கூப்பிடுறேன், வெரசா மேலே தூக்கிர்லாம்."

"நான் என்ன மூட்டையா, தூக்குறதுக்கு? ஏறத் தெரியாமலா எறங்கினேன்?"

உண்மையில் ஏறத் தெரியாமல்தான் இறங்கியிருந்தார். இறங்கியது போலவே உட்கார்ந்தபடி, முதுகை மேலே காட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு ஏறினார். இரண்டு முறை சறுக்கினார். கிபாயத்துல்லா சாப்பிடப் போகாமல், பெரணித் தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு படி கீழே அவரோடு கூடவே ஏறினார். தொடவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் மங்கியிருந்தது. இரண்டு பேருக்கும் வேர்த்திருந்தது. அன்று சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்ட அமிர்தவல்லி வாய் ஓயாமல் திட்டினாள். திட்டிக்கொண்டே அவருடைய சிராய்ப்புக்கு மருந்து போட்டாள்.

பெரணி ஒரு மாதம் மொட்டையாக நின்றது. மார்கழிக் குளிரில் சுருள் சுருளாகப் புதுத் தளிர் விட்டது.

பொங்கலுக்கு குமார் வந்தான். பையை வைத்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தான். பிகோனியா பூத்திருந்தது. அம்மா டம்ளரை நீட்டினாள். அவன் குடித்து முடிக்கும்வரை சுந்தரராஜ் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரில் ஒன்றும் இல்லை. ஆனால் டம்ளரைக் கீழே வைக்கும் நேரத்தில் எங்கிருந்தோ ஒரே ஒரு ஈ புறப்பட்டு இருவருக்கும் நடுவே பறந்து போனது.

குமார் அதைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"ஆமா, இருக்கு" என்றார் சுந்தரராஜ். "மறைக்கலே. ஒண்ணு ரெண்டு எப்பவும் இருக்கும். மழை பிடிச்சா கூட்டமாவும் வரும். வரட்டும். அதுக்காக மலையை விட்டு எறங்குறதுன்னா இங்கே ஒருத்தனும் இருக்க முடியாது."

"நான் ஈக்காகச் சொல்லலேப்பா."

"தெரியும்லே. ஈக்காக நானும் இவ்வளவு பாடு படலே. எனக்கு மறுபடியும் வாதம் வரலாம், வராமலும் இருக்கலாம். அது வர்ற வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன். என்னை யாரும் தூக்கிட்டுப் போகக்கூடாது. அவ்வளவுதான்."

அம்மா குமாரின் தோளில் கை வைத்தாள். அவன் எழுந்து படிக்கட்டுக்குப் போய்க் கம்பியை ஆட்டிப் பார்த்தான். ஒரு இடத்தில் ஆடியது. பஜாருக்குப் போய் வெல்டிங்காரரைக் கையோடு கூட்டிவந்து கம்பியை இறுக்கி, கீழ்ப்படிவரை நீட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போனான். திருப்பூர் பேச்சை அவன் அதற்குப்பின் எடுக்கவில்லை.

மாசியில் ஒரு காலை உம்மு ஹபீபா மறுபடியும் பாதிப் படியில் வந்து நின்றாள். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, உங்க வீட்டுலே ஈயே இல்லேன்னு அக்கா சொல்றாங்க. எங்க அடுப்படியிலே இன்னும் பறக்குதே?"

"அடுப்படியிலே என்ன வச்சிருக்கே தங்கச்சி?"

"ஒண்ணுமில்லே. ஜன்னல்லே ஒரு புதினாத் தொட்டி. தினமும் அரிசி கழுவின தண்ணி ஊத்துவேன்."

சுந்தரராஜ் சிரித்த சிரிப்பு கீழ்வீடுவரை கேட்டிருக்கும். உம்மு ஹபீபாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேலே கொண்டு வரவா அண்ணே?"

"வேணாம், வேணாம். அது அங்கேயே இருக்கட்டும். ஒரு உருளைக்கிழங்கு எடுத்து வை, நான் கீழே வர்றேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தார்.